ஒரு காலி வரி

பன்னிரண்டு மணிக்குள் சரிசெய்துவிடுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் போனை வைத்துவிட்டார், கம்ப்யூட்டர் சென்டர்காரர்களுக்கு உலகத்தில் எல்லாமே பன்னிரண்டு மணிக்குள் முடிந்தாக வேண்டும், அதற்கப்புறம் சாப்பாட்டு அடுக்கைத் திறந்துவிடுவார்கள், இப்போது மணி பத்து இருபது, எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒட்டிவிடலாம், ஆனால் இது உடைந்த மாதிரியே இல்லை, சொன்னதுக்கு மேல் வேலை செய்கிறது, அதுதான் இதன் நோய். விஷயம் சின்னதுதான். நம் மாணவர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஆய்விதழைத் திறந்தால், இவர் எங்கள் பிள்ளைதான், சந்தா கட்டியிருக்கிறோம், உள்ளே விடுங்கள் என்று பல்கலைக்கழகத்து ப்ராக்ஸி சர்வர் நடுவில் நின்று சொல்ல வேண்டும். அதற்காக அவருடைய ப்ரௌசரில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன். ஆய்விதழ் தளம் என்றால் ப்ராக்ஸி வழியாகத் திருப்பிவிடும், மற்ற தளம் என்றால் நேராகப் போகவிடும். எது ஆய்விதழ், எது மற்றது என்று அதற்குச் சொல்ல ஒரு பட்டியல், இருநூற்றுப் பன்னிரண்டு வரி, அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பு நான், பிரபாவதி, உதவி நூலகர், மின்வளப் பிரிவு. நேற்று திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷன் எதைத் திறந்தாலும் ப்ராக்ஸிக்கு இழுத்துக்கொண்டு போகிறது, வங்கி, ரயில் டிக்கெட், வானிலை, ஒன்று பாக்கியில்லை. ப்ராக்ஸியோ கறாராக, இந்தத் தளம் நூலகச் சந்தாவில் இல்லை, உதவிக்கு மின்வளப் பிரிவை அணுகவும் என்று ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு, கீழே ஒரு படிவத்தையும் நீட்டுகிறது. நேற்றிலிருந்து பதினெட்டுப் படிவம். தாவரவியல் ஆய்வு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள், மேடம் என் கல்யாண ஆல்பம் திறக்கவில்லை, நூலகச் சந்தாவில் இல்லை என்கிறது, சந்தா கட்ட முடியுமா என்று. சிரிக்கலாம்தான். சிரிப்பு வரவில்லை, வளையலில் கோத்திருக்கிற ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், கை சும்மா இல்லாவிட்டால் எனக்கு இப்படித்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கிணிகிணி என்று சத்தம் வருகிறது என்று அடுத்த அறையில் புகார்கூட உண்டு.

பதினெட்டாவது படிவம் காலை பத்து ஐந்துக்கு வந்தது. பெயர் என்ற இடத்தில் முருகேசன். மதிப்பிற்குரிய ஐயா, இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு உள்ளது, அதற்கான லிங்க் இந்த லேப்டாப்பில் திறக்க மறுக்கிறது, போனில் கேமரா பழுது, இந்த வாய்ப்பு எனக்கு மிக முக்கியம், தாங்கள் உடனே ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐயாவாம். மின்வளப் பிரிவு என்றால் ஐயாதான் உட்கார்ந்திருப்பார் என்று யார் இவனுக்குச் சொன்னது என்று முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது, பன்னிரண்டு மணி, யாரோ ஒரு பையன், படித்து முடித்து எத்தனை நாளாக வீட்டில் இருக்கிறானோ. எந்தத் துறை என்று பார்க்கலாம் என்று படிவத்தின் ஓரத்தைப் பார்த்தேன். எழுதுகிறவர் என்ன பெயர் போட்டாலும், எந்த ஐடியில் உள்ளே வந்திருக்கிறார் என்பது தானாகவே அங்கே பதிந்துவிடும், அது எழுதுகிறவருக்குத் தெரியாது. பதிந்திருந்தது என்னுடைய ஐடி. மறுபடியும் பார்த்தேன். என் பெயர், புள்ளி, லைப்ரரி. பட்டியல்தான் கெட்டது என்று நினைத்தால் ஐடியும் கெட்டுவிட்டதா, இதற்கும் என்னைத்தான் கேட்பார்கள் என்று ஒரு நிமிடம் பதறி, இரண்டாவது நிமிடம்தான் நினைவு வந்தது, வீட்டில் என் பழைய லேப்டாப், போன மாதம் இந்த எக்ஸ்டென்ஷனைச் சோதிக்க அதில் போட்டேன், என் ஐடியைக் கொடுத்து, நினைவில் வை என்பதையும் தட்டிவிட்டு வந்தேன். எடுக்கவில்லை. அந்த லேப்டாப் சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது. வீடு பூட்டியிருக்கிறது. சாவி இரண்டு, ஒன்று என் பையில், இன்னொன்று வீட்டுக்காரரிடம், அவர் கப்பலூர் கம்பெனியில்.

ஆவன செய்யுமாறு. மின்வாரியத்துக்கு எழுதினாலும் மாநகராட்சிக்கு எழுதினாலும் கதிரேசன் அப்படித்தான் எழுதுவார், ஆவன, தாழ்மையுடன், எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், ஒரு சாக்கடை மூடி கேட்பதற்கு எதற்கு இத்தனை தாழ்மை என்று. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் எழுதின காகிதத்தை எனக்குத் தெரியாதா. தெரியாமல் போன மாதிரி இருக்க முயன்றேன். வேறு யாராவது இருக்கலாம். திருடன் புகுந்து நேர்முகத் தேர்வுக்கு உட்காருவானா. யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று ப்ராக்ஸி குறித்துவைக்கிற அந்த லாக்கைத் திற, பிரபா, திறந்தால் தெரிந்துவிடும், வேலையும் அதுதானே, எந்தெந்தத் தளம் தப்பாக வருகிறது என்று பார்ப்பதற்குத்தானே லாக் இருக்கிறது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. என் ஐடியைப் போட்டு வடிகட்டினேன். நேற்று காலை ஒன்பது ஐம்பத்திரண்டு, வேலை தேடும் தளம், மறுக்கப்பட்டது. ஒன்பது ஐம்பத்து மூன்று, அதே தளம், மறுக்கப்பட்டது. ஐம்பத்து நான்கு. ஐம்பத்து நான்கிலேயே இன்னொரு தடவை. கதவு சாத்தியிருப்பதை நம்பாமல் தட்டிக்கொண்டே இருக்கிற ஆள். நேற்று ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நான் இங்கே துறைத் தலைவர்கள் கூட்டத்தில் சந்தா புதுப்பிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், எதிரே பிஸ்கட் தட்டு இருந்தது, அதுகூட நினைவிருக்கிறது. அதற்குக் கீழே தேடல்கள். தமிழில் தேடியது லாக்கில் எழுத்தாகத் தெரியாது, சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு நிற்கும், அதை வெட்டி ஒரு பெட்டியில் ஒட்டினால்தான் எழுத்தாகும். ஒட்டாமலும் விடலாம். சட்டைப் பையில் கைவிட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், நான் அப்படிப் பார்க்கிறவள் இல்லை, ஒரு நாளும் பார்த்ததில்லை, அதைப் பெருமையாக வேறு பலரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் வரியை ஒட்டினேன். ஐம்பத்தொரு வயதில் வேலை கிடைக்குமா. இரண்டாவதை ஒட்டினேன். பழைய கம்பெனியிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது. மூன்றாவதை ஒட்டவில்லை, கை குளிர்ந்துவிட்டது, ஏசியைக் குறைக்கச் சொல்லி எத்தனை நாளாகக் கேட்கிறேன்.

எப்போதிருந்து. லாக்கில் நேற்றும் இன்றும்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் எக்ஸ்டென்ஷன் ஒழுங்காக இருந்தது, அவர் போன இடங்கள் எதுவும் என்னிடம் வரவில்லை. சாப்பாட்டு டப்பா. ஐந்து வாரமாக டப்பா கழுவி வருகிறது. இருபத்திரண்டு வருடமாகக் குழம்பு காய்ந்து ஒட்டி, மூடிக்குள் முருங்கைச் சக்கையோடு வந்துகொண்டிருந்த டப்பா, திடீரென்று ஒரு நாள் பளபளவென்று வந்தது, எனக்கு எவ்வளவு சந்தோஷம், மகளுக்கு போன் போட்டு உங்கப்பா திருந்திட்டார் என்று சொன்னேன். வீட்டில் சிங்க்கில் கழுவியிருக்கிறார். அன்றைக்கு இரண்டரை மணிக்கு எங்கள் விளாங்குடியில் ஊற்றின மழை, நான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கொடியில் போட்ட துணியை நினைத்து அடித்துக்கொண்டு வந்தேன், வந்து பார்த்தால் துணி உள்ளே, நாற்காலியில், அதுவும் மடிக்காமல், பக்கத்து வீட்டு வசந்தாக்காதான் எடுத்துப் போட்டிருப்பாங்க என்று நானே முடிவுகட்டி, மறுநாள் அவர்களுக்கு நன்றியும் சொன்னேன், அவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், வயசாகிவிட்டது, மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியென்றால் தெருவுக்கே தெரியும். காலையில் எட்டே காலுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய், எட்டு நாற்பதுக்கு நான் பஸ் ஏறினதும் திரும்பி வருகிறார், நடுவில் இருபத்தைந்து நிமிடம் எங்கே நிற்பார், வைகைப் பாலத்துப் பக்கமா, டீக்கடையா. திரும்பி வந்து, மத்தியானம் அதே டப்பாவைத் திறந்து, அதே வீட்டில், தட்டுகூட எடுக்காமல். அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், கம்பெனி என்ன நிலையில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா, ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று அவரே சொன்னார், யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். என்னிடம் சொல்ல என்ன. நான் என்ன செய்திருப்பேன். இந்தக் கேள்வியை ஓரமாக வை, பதில் உனக்குப் பிடிக்காது, நீ முதலில் கத்தியிருப்பாய், கத்திவிட்டு அப்புறம்தான் மற்றதெல்லாம். அது அவருக்கும் தெரியும்.

பத்து ஐம்பது. பட்டியலைப் பார், பிரபா, பட்டியல் சரியானால் லிங்க் திறக்கும், இப்போதைக்கு உன்னால் ஆகக்கூடியது அது ஒன்றுதான். என் மேசைக் கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷனைப் போட்டு வானிலைப் பக்கத்தைத் திறந்தேன், ப்ராக்ஸிக்குப் போனது, மறுத்தது. பட்டியலில் ஏதோ ஒரு வரிதான் எல்லாத் தளத்தையும் தன்னுடையது என்று சொல்லி இழுக்கிறது, எந்த வரி என்று தெரிய வேண்டும், இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாயங்காலம் ஆகிவிடும். பாதியை எடுத்துவிட்டு, ப்ரௌசரை மூடித் திறந்து பார்ப்போம். மேல் பாதியை எடுத்தேன், வானிலை அப்படியும் ப்ராக்ஸிக்கே போனது, அப்படியென்றால் கோளாறு கீழ்ப் பாதியில். அதில் ஒரு பாதியை எடுத்தேன், போனது. ஜெபராஜ் நடுவில் கூப்பிட்டார்.

"என்னாச்சு மேடம், கண்டுபிடிச்சாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் சார். பாதி பாதியா எடுத்துப் பாக்குறேன்."

"வெள்ளிக்கிழமை நீங்கதான லிஸ்ட்ல கை வச்சீங்க. அதுக்கு முன்னாடி ஒழுங்காத்தான ஓடுச்சு. நாங்க அடிச்ச வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல."

"ஆமா சார், நான்தான் அடிச்சேன். நான்தான் பாக்குறேன்." இதைச் சொல்லிவிட்டு நானே வைத்தேன். பழைய ஏற்பாட்டில் நான் புதுத் தளங்களை மெயிலில் எழுதி அனுப்புவேன், சென்டரில் அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். இரண்டு வருடம் சண்டை போட்டு, எங்கள் பட்டியலை நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்று உரிமை வாங்கினேன், வாங்கின முதல் வாரமே இப்படி. கதிரேசனுக்குக் கிடைத்திருக்கிற வாய்ப்பு என்னால் போகிறது. யாரோ முருகேசனுக்கு இல்லை. என் கையால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அடித்து, நேற்று காலை வந்ததும் வெளியிட்ட ஏதோ ஒரு வரி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்த மனிதனை மறித்துக்கொண்டு நிற்கிறது.

கூப்பிடலாம். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், அந்த எக்ஸ்டென்ஷனை அணைத்துவிடுங்கள், வலதுபக்க மூலையில் ஒரு புத்தகப் படம் இருக்கும், அதில் தட்டினால் போதும், அரை நிமிட வேலை. எண்ணை அழுத்திவிட்டேன், அழுத்தின பிறகுதான் யோசனை, எந்த லேப்டாப் என்று கேட்டால், எந்த வீடு என்று கேட்டால். நான்காவது மணியில் எடுத்தார்.

"என்ன பிரபா, மீட்டிங்ல இருக்கேன்."

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான்."

"சாப்பாட்டு நேரத்துல கூப்புடுறேன். வச்சிரட்டா?"

அவர் குரலுக்குப் பின்னால் கல்லுப்பு, தூளுப்பு, கல்லுப்பு, தூளுப்பு என்று ஒலிபெருக்கி, எங்கள் தெருவில் வருகிற உப்பு வண்டி, நான் லீவு போடுகிற நாட்களில் பதினொரு மணிக்குக் கேட்டிருக்கிறேன், பதிவு செய்த அதே பெண் குரல், தூளுப்பில் கொஞ்சம் இழுக்கும். மீட்டிங்கில் உப்பு வண்டி. எனக்குக் கேட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் அவசரமாக வைக்கப் பார்க்கிறார், நான் ஏதாவது கேட்டால் என்ன பொய் சொல்லலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஐம்பத்தொரு வயது ஆள். நான் மட்டும் இப்போது வாயைத் திறந்தால், இன்னும் ஐம்பது நிமிடத்தில் கேமரா முன்னால் உட்கார வேண்டிய முகம் என்ன ஆகும். சரிங்க வச்சிருங்க என்றேன். வைத்துவிட்டார். காலையில் நீலச் சட்டை எங்கே என்று கேட்டார். மகள் முதல் மாதச் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது, நல்ல காரியத்துக்கு மட்டும் எடுக்கிற சட்டை. மேல் பட்டன் விழுந்து ஒரு மாதமாகிறது, நான் தைக்கவில்லை, இன்றைக்கு என்ன திடீர்னு, அதைப் போட்டுக்கிட்டு அப்படி எங்க போறீங்க என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் பழைய சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சும்மாதான் கேட்டாராம். அவரும் சும்மா, நானும் சும்மா.

பாதி, அதில் பாதி, அதில் பாதி. பதினொன்று இருபதுக்குப் பதினான்கு வரி மிச்சம், வெள்ளிக்கிழமை நான் சேர்த்த புதுப் பதிப்பகத்தின் பதினான்கு தளங்கள். ஏழு. நான்கு. இரண்டு. ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்தேன், ஒரு குற்றமும் இல்லை, எழுத்துக்கு எழுத்து சரி. அதையும் எடுத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத பட்டியலைச் சேமித்து, வானிலையைத் திறந்தேன். ப்ராக்ஸிக்குப் போனது. பட்டியலில் எதுவுமே இல்லை, இருந்தும் இழுக்கிறது. ஒன்றுமே இல்லையா என்று நன்றாகக் குனிந்து பார்த்தபோது, மினுக்கிக்கொண்டிருந்த கோடு முதல் வரியில் இல்லை, இரண்டாவது வரியில் நின்றது. அங்கே ஒரு வரி இருக்கிறது. காலியாக. நான் விட்டது. எங்கள் இதழ்ப் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் கீழே ஒரு வரி காலியாக விட வேண்டும், விட்டுப்போன இதழ் எப்போதாவது வந்து சேர்ந்தால் எழுத இடம் வேண்டுமே. பதினெட்டு வருடம் பதிவேடு எழுதின கை, மளிகைப் பட்டியலில்கூட ஒரு வரி விடும். எக்ஸ்டென்ஷனுக்கு அதெல்லாம் தெரியாது. திறக்கிற முகவரிக்குள் இந்த வரியில் இருப்பது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்கும், இருந்தால் திருப்பிவிடும். வரியில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாதது எல்லா முகவரிக்குள்ளும் இருக்கிறது என்று அதன் கணக்கு. சென்டரில் அவர்கள் அடித்தவரை அந்த வரியை விட்டிருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பதிவேடு தெரியாது. பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்து, கடைசி வரிக்குப் போய், அழிக்கும் விசையில் விரலை வைத்தேன். ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை.

தட்டவில்லை. பதினொன்று இருபத்தாறு. தட்டினால் எல்லாம் நேராகப் போய்விடும், அவரும்தான், என் லாக்கில் அவர் பெயர்கூட இல்லாமல், என் பெயரில் வந்துகொண்டிருந்த அந்த வரிகள் நின்றுவிடும். இரண்டு நாளாக ஒரு சின்னச் சந்து திறந்து கிடக்கிறது, அதன் வழியாக என் வீட்டை நான் இல்லாத நேரத்தில் பார்க்க முடிகிறது, அதை அடைக்கப்போகிறேன். இன்னும் ஒட்டாத வரிகள் ஒன்பது இருக்கின்றன. அதில் என்ன இருக்கும். என்னைப் பற்றி ஏதாவது இருக்குமா. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தேடியிருப்பாரா. தேடியிருந்தால் நல்லதா, தேடாமல் இருந்தால் நல்லதா. ஒன்றை எடுத்துப் பெட்டியில் ஒட்டினேன், கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தேன். நீலச் சட்டை பட்டன் தைப்பது எப்படி. இன்று காலை ஒன்பது முப்பத்தொன்று, மறுக்கப்பட்டது. இந்த நூலகத்தில் இருபது லட்சம் கட்டுரைக்கு வழி திறந்து வைத்திருக்கிறோம், ஒரு பட்டன் தைப்பதற்கு இல்லை என்று விரட்டியிருக்கிறது. சட்டை கிடைத்தால்தானே தைக்க, அது இருக்கிற இடம்கூட அவருக்குத் தெரியாது, ஐந்து வாரமாகப் பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்திருக்கிறார், அலமாரியைத் திறந்து என் சேலைகளைக் கலைத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று திறக்காமல் இருந்திருக்கிறார். போதும். மிச்ச எட்டு வரியை ஒட்டவில்லை. அழிக்கும் விசையைத் தட்டி, சேமித்து, வானிலையைத் திறந்தேன், நேராகப் போனது, மதுரையில் முப்பத்தாறு டிகிரி.

என் மேசையில் போய்விட்டது, அவர் மேசையில் போகாது. எக்ஸ்டென்ஷன் புதுப் பட்டியலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வாங்கும், அதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்றால் ப்ரௌசரை மூடித் திறக்க வேண்டும், அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். பதினொன்று முப்பத்து மூன்று. படிவத்தில் பதில் எழுதினால் அவர் திறந்து வைத்திருக்கிற பக்கத்தில் கீழேயே தெரியும். ஐயாவாகவே எழுதிவிடலாம். அன்புள்ள பயனருக்கு என்று ஆரம்பித்தேன். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒன்று, திறந்திருக்கும் ப்ரௌசரை முழுவதுமாக மூடவும். இரண்டு, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் திறக்கவும். மூன்று, தங்கள் லிங்க்கை அழுத்தவும். இவ்வளவும் எழுதி, இப்படிக்கு மின்வளப் பிரிவு என்று முடித்தால் எல்லாம் சுபம், முருகேசன் நேர்முகத் தேர்வுக்கு உட்காருவார், சாப்பாட்டு நேரத்தில் கதிரேசன் எனக்கு போன் செய்வார், சாயங்காலம் கழுவின டப்பா வரும், நானும் டப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மாதிரி நடிப்பேன், வேலை கிடைத்தால் ஒரு நாள் வேறு கம்பெனிக்கு மாறிட்டேன் பிரபா என்று சொல்வார், அப்படியா என்பேன். கிடைக்காவிட்டால். கிடைக்காவிட்டால் நாளைக்கும் எட்டே கால், நாளை மறுநாளும் எட்டே கால், பாலத்தில் இருபத்தைந்து நிமிடம். இருவரும் எத்தனை நாள் இதைச் செய்வோம். எங்களுக்குச் செய்ய வரும், அதுதான் பயம், நன்றாகவே செய்வோம். இன்றைக்கு வேண்டாம், தேர்வு முடியட்டும், முடிந்த பிறகு சொல்லலாம் என்றால், முடிந்த பிறகு சொல்ல மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். இப்போது சொன்னால் அவர் உடைந்துவிட்டால். சாம்பல் நிறச் சட்டையில் காலர் நைந்திருக்கிறது, கேமராவில் தெரியும், காலையில் அதைப் போட்டுக்கொண்டு போக விட்டேனே. பதினொன்று முப்பத்தொன்பது. விரல்கள் தானாக நான்கு என்று அடித்தன. நான்கு, நீலச் சட்டை அலமாரியில் இரண்டாவது தட்டில், துண்டுகளுக்குக் கீழே இஸ்திரி போட்டு இருக்கிறது. படித்துப் பார்த்தேன். மின்வளப் பிரிவு என்பதை அழித்துவிட்டு எதுவும் போடாமல் அனுப்பினேன்.

அனுப்பின பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன், ஊக்குகளைத் தள்ளினேன். லாக்கில் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் ஐடியில் ஒரு வரி வந்தது, மறுக்கப்பட்டது, இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு. மூடித் திறந்திருப்பார், நேராகப் போயிருப்பார், அதனால்தான் வரவில்லை. இல்லையென்றால் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் லாக் ஒரே மாதிரிதான் இருக்கும், வெறுமையாக. நாம் என்ன பெரிய காரியம் செய்துவிட்டோம், ஐந்து வாரமாக அந்த மனிதர் கட்டி வைத்திருந்ததை, தேர்வுக்கு இருபது நிமிடம் முன்னால், ஒரு சட்டையைச் சொல்லித் தட்டிவிட்டோம். போன் செய்யலாமா. செய்தால் எடுப்பாரா. ஐம்பதுக்கு போன் எடுத்து, வைத்து, எடுத்து, வைத்தபோது படிவத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது, பயனர் பதிலளித்துள்ளார். திறந்தேன். லிங்க் திறந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, பட்டன்தான் இல்லையே பிரபா, ஊக்கு எங்க இருக்கு.

ஊக்கு. வீட்டில் இருக்கிற ஊக்கெல்லாம் என் வளையலில்தான் இருக்கிறது, ஆறு, இங்கே, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. யோசி, பிரபா. சாமி அலமாரி டப்பாவில் இருந்ததைத் தீபாவளிக்கு எடுத்துவிட்டேன். தையல் பெட்டியில் ஊசிதான் இருக்கிறது, அது மேல் பரணில், அவர் ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டு நிமிடம். காலண்டர் ஆணியில் ஒன்று தொங்கியது, அது போன வருடக் காலண்டர். மகள் அறை மேசை, இல்லை, அவள் ஒட்டுப் பொட்டு தவிர எதையும் விட்டுப் போகவில்லை. வசந்தாக்காவிடம் கேட்கச் சொல்லலாமா, கேட்டால் கொடுப்பார்கள், எடுத்துப்போடாத துணிக்கு நன்றியை வாங்கிக்கொண்ட மனுஷி. நேற்று நான் கட்டினது பச்சைச் சேலை. நேற்று அலுத்து வந்து முந்தானையில் குத்தியிருந்ததை எடுக்காமல் அப்படியே கழற்றிப் போட்டேன், இன்று காலை வேறு ஊக்கு எடுத்துக் குத்திக்கொண்டேன். இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பச்சைச் சேலை தொங்குது, தோள்பட்டை மடிப்புல ஒரு ஊக்கு குத்தினது அப்படியே இருக்கும், உள்பக்கமா குத்துங்க, வெளிய தெரியாது என்று அடித்து, பதினொன்று ஐம்பத்து நான்குக்கு அனுப்பினேன். ஒரு நொடியில் பார்த்தார் என்று குறி வந்தது. பதில் வரவில்லை, பதில் எழுத அவருக்கு நேரம் இல்லை, கதவுக்குப் பின்னால் போயிருப்பார், என் சேலையைப் பிடித்து மடிப்பு மடிப்பாகத் தேடிக்கொண்டிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பன்னிரண்டு அடிக்கப்போகும் நேரத்தில் போன் ஒலித்தது, பதறி எடுத்தேன், ஜெபராஜ்.

"சரியாயிருச்சா மேடம்?"

லாக்கைப் பார்த்தேன். என் ஐடியில் ஒரு வரியும் இல்லை.

"என் பக்கம் சரிபண்ணிட்டேன் சார்," என்றேன். "அந்தப் பக்கம் என்னன்னு தெரிய இன்னும் அரை மணி நேரம் ஆகும்."